மைக்கில் சொன்ன பெயர்

தருமபுரி,
தை மாதம் 20, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் தேவிப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் சுகம், போன வருஷம் முறிந்த என் மணிக்கட்டுகூட இந்தத் தைக் குளிரில் வாயைத் திறக்காமல் அடங்கிக் கிடக்கிறது. அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாவது காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டுமென்று கோட்டைக் கோயில் அம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தினம் போனில் முகம் பார்த்துப் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் சிரிப்பாய், குறுக்கே கேள்வி கேட்பாய், உங்கப்பாவும் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படிக்கிற மாதிரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால்தான் எழுதிப் பார்சலுக்குள் வைக்கிறேன். புளிக்காய்ச்சல் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

முதலில் ஊர்ச் சேதி. பொங்கல் முடிந்த கையோடு நம் டவுனில் நாலு நாள் திருவிழா போட்டார்கள். சாமித் திருவிழா இல்லை, புத்தகமும் கூத்தும் சாப்பாடும் ஒரே மைதானத்தில். இந்தப் பக்கம் புத்தகக் கடை, அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கடை, நடுவில் மேடை. புத்தகம் வாங்க வந்தவன் போண்டா வாங்கினான், போண்டா தின்ன வந்தவன் கையைத் துடைத்துவிட்டுப் புத்தகம் வாங்கினான், ஆக மொத்தம் எல்லாக் கடையிலும் கூட்டம். மைக் பிடித்தது யார் என்று நினைக்கிறாய், உன் அம்மாதான். கேபிள் டிவி வீரமணி வாராவாரம் என்னை ஊர்ச் சேதி வாசிக்க வைக்கிறானே, தண்ணீர் வராத தெரு, காணாமல் போன ஆடு, நாளைக்குக் கரண்ட் இல்லாத ஏரியா என்று வாசித்து வாசித்து மார்க்கெட்டில் கீரைக்காரம்மாகூட என்னை நியூஸ் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். அந்தப் பெருமையில் திருவிழா மைக்கையும் என் கையில் கொடுத்துவிட்டான். இரண்டாம் நாள் சாயந்தரம் கம்பைநல்லூர்ப் பக்கத்துக் கூத்துக் குழு வந்தது. ஆட்டம் முடிந்ததும் துரியோதனன் வேஷக்காரர் கிரீடம், புஜக்கட்டு, முகச்சாயம் எதையும் கழற்றாமல் நேராக நம் பக்கத்து வீட்டு ரஹமத் பீவியின் பஜ்ஜிக் கடைக்கு வந்து நின்றார், பின்னாலேயே இருபது பிள்ளைகள். அவள் கரண்டியும் கையுமாக, ராசா, கிரீடத்தைக் கொஞ்சம் அப்பால வெச்சுட்டு வாங்க, எண்ணெ தெறிக்குது என்றாள். அவரும் மறுபேச்சு பேசாமல் கழற்றி ஒரு பையன் தலையில் வைத்துவிட்டு நாலு மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டுத்தான் போனார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

இனி உங்கப்பா சேதிக்கு வருகிறேன். ரிட்டயர் ஆனதிலிருந்து அவர் எப்படி இருக்கிறார் என்று உனக்கே தெரியும். சித்தேரி மலைக்கு இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், வளைவுக்கு வளைவு ஆளைத் தெரியும், இறங்கி வந்து வீட்டில் உட்கார்ந்ததும் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டார். நீ போன் பண்ணினால், நல்லாருக்கியா, சாப்ட்டியா, இந்தா அம்மா என்று மூன்று பேச்சில் என்னிடம் தள்ளிவிடுகிறார். அப்பாவுக்கு என்மேல் பாசமே இல்லையா என்று போன தீபாவளிக்கு நீ கேட்டாயே, அன்றைக்கே உனக்கு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்புதான் கண்ணு. என் கை முறிந்த மாசம் உங்கப்பா சமையல்கட்டுக்குள் போனார், அதற்கப்புறம் வெளியே வரவே இல்லை. மலையில் ராத்திரி பஸ் ஹால்ட் ஆகும்போது கடைசி நிறுத்தத்து வீட்டுக் குள்ளம்மாளிடம் அந்தக் காலத்திலேயே களி கிண்டவும் குழம்பு கூட்டவும் கற்றுக்கொண்டாராம், முப்பது வருஷம் என்னிடம் மூச்சு விடவில்லை, அமுக்குணி. என் கை நேராகியும் கரண்டியை அவர் திருப்பித் தரவில்லை. ஆனால் சமைக்கும்போது தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவார். வருகிறவர்களிடம் எல்லாம் அவள் செஞ்சது என்பார். டிப்போ ஆளுங்களுக்குத் தெரிஞ்சா டிரைவர் வூட்ல பொம்பளை மாதிரி களி கிண்டறான்னு சிரிப்பானுங்க என்பது அவர் பயம். நானும் என்ன செய்தேன் என்றால், யார் வந்து நியூஸ் அக்கா கைப்பக்குவமே தனி என்றாலும் வெட்கமில்லாமல் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். போன ஆடியில் அனுப்பின புளிக்காய்ச்சலைத் தின்றுவிட்டு, அம்மா கை மணம் இங்க வரைக்கும் வந்துடுச்சு என்று நீ போனில் அழுதாயே, அது அப்பா கை மணம் பாப்பா. அன்றைக்கு அவர் பக்கத்தில்தான் இருந்தார். நீ அழுததைக் கேட்டுவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். எனக்கு மனசு குத்தியது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

இந்த நிலையில்தான் ஞாயிற்றுக்கிழமை சமையல் போட்டி வந்தது. சிறுதானியத்தில் எதுவும் செய்யலாம், தட்டில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான், வெளியூரிலிருந்து வந்த அம்மா ஒருத்தி தின்று பார்த்து மார்க் போடுவாள். காலையில் வீரமணி லிஸ்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தான், பதினேழாம் நம்பரில் சுகுணா என்று என் பெயர். நான் மைக்கில் நிற்கிறவள், எப்போது பெயர் கொடுத்தேன்? கையெழுத்தைப் பார்த்தால் உங்கப்பாவுடையது, அந்தக் கோணல் ணா வேறு யாருக்கு வரும். உடனே போன் போட்டுச் சண்டை பிடித்தேன், ஏங்க, நான் பண்ணாத சோத்துக்கு நான் எப்படிங்க பரிசு வாங்கறது, உங்க பேரை எழுதுங்க என்றேன். பேர்ல என்ன கெடக்குது, தின்னு பாத்துட்டு ஒரு மார்க்கு சொல்லட்டும், அது போதும் என்று வைத்துவிட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாள் வந்தவர்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்துத்தான் நன்றாக இருக்கிறது என்றார்கள், யாராவது ஒருத்தர் அந்தக் களிக்காக மட்டும் சொல்ல மாட்டார்களா என்று மனுஷன் ஏங்கியிருக்கிறார். ஆனால் ஜெயித்தால் அதையும் நான்தான் வாங்க வேண்டும், அவர் பின்னால் நின்று கைதட்டுவார். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

போட்டிக்கு என்னென்ன வந்தது என்கிறாய், கம்பு பீட்சா, தினை கேக், ராகி மோமோ, வரகில் ஏதோ பச்சைக் கலரில் ஜெல்லி. நடுவில் உங்கப்பா தட்டு, ராகிக் களி இரண்டு உருண்டை, பச்சை அவரைக்கொட்டைக் குழம்பு, ஒரு பச்சை வெங்காயம், அவ்வளவுதான். களிக்கு அரிசி நொய் போடாமல் சித்தேரிச் சாமை நொய் போட்டிருந்தார், அதுதான் அவர் ரகசியம். களி கிண்டுகிற துடுப்பை அவர் சுற்றுகிறதை நீ பார்க்க வேண்டும், மலை வளைவில் ஸ்டீயரிங் ஒடிக்கிற மாதிரி தோளிலிருந்து சுற்றுவார், ஒரு கட்டி விழாது. மார்க் போட வந்த அம்மா களியை வாயில் போட்டு மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். எனக்குப் பதறிவிட்டது. நல்ல வேளை ரஹமத் பீவி பஜ்ஜிக் கடையை விட்டுவிட்டு ஓடிவந்து, மெல்லாதீங்கம்மா, கொழம்புல தொட்டு அப்படியே முழுங்குங்க என்று சொல்லிக் கொடுத்தாள். அடுத்த கவளம் முழுங்கினாள், அதற்கடுத்தது கேட்டு வாங்கி முழுங்கினாள். மற்ற தட்டில் எல்லாம் ஒரு ஸ்பூன்தான் எடுத்தாள், இந்தத் தட்டு காலி.

முடிவுச் சீட்டு என் கைக்கு வந்தது. மூன்றாம் பரிசு தினை கேக், இரண்டாம் பரிசு கம்பு பீட்சா, முதல் பரிசு நம்பர் பதினேழு. அதற்குமேல் வாசிக்க வரவில்லை. வீரமணி எட்டிப் பார்த்துவிட்டு, நம்ம நியூஸ் அக்காதாங்க என்று கத்திவிட்டான், கிரவுண்டு முழுக்கக் கைதட்டல். உங்கப்பா கடைசி வரிசைக்கும் பின்னால், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், சட்டியைத் துண்டில் சுற்றி இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவரும் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. இது நான் செஞ்சது இல்லைங்க, எங்க வூட்டுக்காரரு செஞ்சதுங்க என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். வீரமணி சர்டிபிகேட்டையும் பேனாவையும் வைத்துக்கொண்டு, அப்படின்னா அண்ணன் பேரைச் சொல்லுங்கக்கா, எழுதணும் என்றான்.

உனக்குத்தான் தெரியுமே என் கதை. கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷம், அவர் பெயர் என் வாயில் வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதும்போது வீட்டுக்காரர் பேர் என்னம்மா என்று கேட்டால் நாலு வயசில் உன்னைத் தூக்கிக் கவுண்டருக்கு மேலே காட்டுவேன், நீ சொல்லுவாய். பால்வாடி டீச்சராக ஆயிரம் பிள்ளைகள் பெயரைக் கூப்பிட்டிருக்கிறேன், ஒரு வருஷம் அதே பெயரில் ஒரு பையன் வந்து சேர்ந்தான், அவனைக் கடைசிவரை குட்டி என்றே கூப்பிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, எங்கம்மா சொல்லமாட்டாள், நானும் சொல்லவில்லை, வாய் அப்படியே பழகிவிட்டது. அன்றைக்கு நான் திணறுவதைப் பார்த்து ரஹமத் பீவி, நான் சொல்றேன் இருங்க என்று வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டேன். ஒரு வருஷமாக அவர் பெயரில் வரவேண்டிய நல்ல பேச்சையெல்லாம் என் பெயரில் வாங்கித் தின்றவள் நான், திருப்பிக் கொடுக்க வேண்டியவளும் நான்தானே. தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக்கை வாய்க்கு நேராக வைத்து, உங்கப்பா பெயரை முழுசாகச் சொன்னேன். எட்டு ஸ்பீக்கரிலும் கேட்டது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டதாக அப்புறம் சொன்னார்கள்.

அவர் நடந்து வந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அப்படி வெட்கப்படவில்லை. டிப்போ ஆட்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள், சிரிப்பார்கள் என்றாரே, சிரித்தார்கள்தான், சிரித்துக்கொண்டே விசில் அடித்தார்கள். அவரோடு மலைக்குப் போன கண்டக்டர் முண்டியடித்து முன்னால் வந்து, டிரைவரே, சட்டியில மிச்சம் கெடக்குதா என்று கேட்டார். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தால், களி ஆறிப்போவுது, வந்து சாப்பிடுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பரிசாகக் கிடைத்த குக்கரைச் சட்டிக்கு மேலே வைத்துத் தூக்கிக்கொண்டு, வீடு வரைக்கும் எனக்கு முன்னால் பத்தடி தள்ளியே நடந்தார். கோபமோ என்று பயந்தேன். கதவைத் திறந்துகொண்டே, நீ சொல்றப்ப எம்பேரு நல்லாத்தான் இருக்குது, இன்னொரு வாட்டி சொல்லேன் என்றார். மைக்கு கொண்டாங்க, சொல்றேன் என்றேன் நான். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் சமையல்கட்டு ஜன்னல் திறந்து கிடக்கிறது, புளி காய்ச்சுகிற வாசனை தெரு முழுக்க. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று என்ன பண்றீங்க என்று கேட்க, எம் பொண்ணுக்கு என்று கரண்டியோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் புளிக்காய்ச்சல்தான் இந்த டப்பாவில் இருக்கிறது. அதோடு சாமை நொய், ராகி மாவு, காய்ந்த அவரைக்கொட்டை எல்லாம் வைத்திருக்கிறேன், மாவை ஈரமில்லாத டப்பாவில் போட்டு வை. மாப்பிள்ளையைச் சமையல்கட்டுக்குள் அனுப்பு, நம் குடும்பத்தில் இனி அதற்கு ஜன்னல் சாத்த வேண்டியதில்லை. ஒன்று மட்டும் மறக்காதே. அடுத்த தடவை போன் பண்ணும்போது அப்பாவிடம் நல்லா இருக்கீங்களா என்று கேட்காதே, களியில் கட்டி விழாமல் எப்படிக் கிண்டுவது என்று கேள். அப்புறம் நான் போனை வாங்க முடியுமா என்று நானே பார்க்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் வயிறும் மனசும் நிறைஞ்சு, நோய்நொடி இல்லாமல், கேட்டதெல்லாம் கிடைத்து நூறு வருஷம் வாழ வேண்டும்.

இப்படிக்கு உன் பிரியமுள்ள அம்மா,
சுகுணா நவநீதன்.