டீசண்ட் ஃபேமிலிக்கு மட்டும்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். குழாயில் காற்று. ஊர் ஊராகப் போர்வெல் போட ரிக் லாரி அனுப்புகிற திருச்செங்கோட்டில் மாடிக் குடித்தனக்காரிக்கு இரண்டு குடம் தண்ணீர்.

வீட்டுக்காரர் ஏறி வந்தார். மகனுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டதாம், மாடி வேண்டுமாம். மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும். நியாயம்தான். வாழ்த்துச் சொன்னேன்.

மாலை, புரோக்கர் பழனிசாமியுடன் முதல் வீடு. ரிக் வண்டி வைத்திருப்பவருடையது. கேட்டில் பலகை: டீசண்ட் ஃபேமிலிக்கு மட்டும். அம்மாள் கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"எத்தன பேருங்க?"

"நான் மட்டுந்தாங்க. காலேஜ்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறேன்."

"ஊட்டுக்காரரு?"

"பிரிஞ்சு ரொம்ப வருசமாச்சுங்க."

"நாங்க டீசண்ட் ஃபேமிலிக்குத்தானுங்க உடறது."

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அதுவும் டீசண்ட்டில் சேர்த்தி போலும்.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். இட்லி மாவு வாங்க வேண்டும்.

இத்தனை வருடமாக இந்தச் சொல்லைப் பாடம் நடத்தியிருக்கிறேன். அகராதிப்படி: கண்ணியமான, போதுமான, பிறரிடம் பரிவுள்ள. மூன்றாவது பொருள் சங்ககிரி தாண்டி இந்தப் பக்கம் வரவில்லை. இன்று காதில் விழுந்தவை:

டீக்கடை — "மாப்ள டீசண்ட்டுங்க. குடிச்சாலும் ரோட்ல உழ மாட்டாரு."

டவுன் பஸ் கண்டக்டர் — "டீசண்ட்டா நிக்கறீங்களா, எறக்கி உடட்டுங்களா?"

ஸ்டாஃப் ரூம், ஒரு பேராசிரியர் — "பொண்ணு ஊட்டுல டீசண்ட்டா செஞ்சாங்க." மருமகள் கொண்டுவந்த காரைப் பற்றி.

மதியம் செல்வியோடு சாப்பாடு. எங்கள் மொழி ஆய்வகத்தில் உதவியாளர். ஐந்து மாதக் கர்ப்பம். குடியிருப்பது இரண்டாவது மாடி, படிக்குக் கைப்பிடி கிடையாது. தரையோடு ஒரு வீடு தேடுகிறாள். நாளைக் காலை ஒன்று பார்க்கப் போகிறார்களாம், கணவரும் லீவு. பலகைக் கதையைச் சொன்னேன். சிரித்தாள்.

"எங்கூரு மேச்சேரி ஆட்டுக்கு எனம் பாத்துத்தானுங்க மேடம் வெல சொல்லுவாங்க. வாடகை ஊடும் அதே சந்ததான்."

ஜூன் 11, புதன்

சாயங்காலம் நல்ல காற்று. தூறல், பெயருக்கு.

பழனிசாமி காட்டிய இன்னொரு வீடு. தரைத்தளம். கிணறு, அதில் தண்ணீர்! பின்னால் கொய்யா மரம். வீட்டுக்காரம்மா காபி கொடுத்தார். பிறகு அந்தக் கேள்வி.

"உங்க கொலதெய்வம் எந்த ஊருங்க டீச்சரம்மா?"

பக்தி விசாரிப்பு அல்ல. சாதியை நேராகக் கேட்பது இங்கே அநாகரிகம்; ஆகவே கோயிலைக் கேட்பார்கள். கோயில் தெரிந்தால் மிச்சம் எல்லாம் தெரிந்துவிடும்.

நான் வாய் திறக்கும் முன் பழனிசாமி ஒரு கோயிலைச் சொன்னார். என் கணவருக்குத் துபாயில் ஒரு வேலையும் வாங்கிக் கொடுத்தார்.

"அட, நம்மவங்க!" என்றார் அம்மாள். நாளைக்கே சாவி தருகிறாராம்.

தெருவுக்கு வந்ததும் கேட்டேன்: "அது யார் கோயிலுங்க?"

"என்ற கோயிலுதானுங்க. உங்களுக்கு ஊடு வேணுமா, வேண்டாமா?"

திட்டினேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. காபி நன்றாக இருந்தது.

ஜூன் 12, வியாழன்

செல்வி முகம் சரியில்லை. வீடு என்னாயிற்று என்றேன். "அமையலீங்க மேடம்."

மாலை சாவி வாங்கப் போனேன். வீட்டுக்காரம்மா உற்சாகமாக இருந்தார்.

"நேத்து காலைல ஒரு புள்ள வந்துச்சுங்க, புருசனோட. மாசமா இருக்குது. உங்க காலேஜாமா. கோயிலு எதுன்னு கேட்டேன், சொல்லுச்சு. வேற ஆளுக்குப் பேசியாச்சுன்னு டீசண்ட்டா சொல்லி அனுப்பிப்போட்டேன்."

நேற்றுக் காலையில் யாருக்கும் பேசியிருக்கவில்லை. நான் போனதே மாலை.

"நிக்க வெச்சா சொன்னீங்க?"

"சேச்சே! தண்ணி குடுத்தனுங்க."

எதில் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. சத்தமாக்கூடப் பேச மாட்டாங்க. எதுல கொறச்சலுங்க?"

"அதையெல்லாம் வாய் உட்டுச் சொல்லோணுமா டீச்சரம்மா? நமக்குள்ள தெரியாதா?"

நமக்குள்ள. வந்ததும் கொடுத்திருந்த சாவியை அவர் முன்னால் வைத்தேன்.

"துபாய்ல எனக்கு யாரும் இல்லீங்க. வீட்டுக்காரரே இல்ல. நேத்துச் சொன்னது பழனிசாமி கோயில்."

"அப்ப உங்க கோயிலு?"

"சொல்றதா இல்லீங்க."

கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தார். "பாத்தா டீசண்ட்டா இருக்கீங்களேன்னு நம்பிப்போட்டனே! காபியெல்லாம் குடுத்தேன்!"

பக்கத்து வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள்.

ஜூன் 13, வெள்ளி

மாவு வாங்க மறுபடி மறந்தாயிற்று. வீட்டுக்காரர் கீழே நின்று, பெயின்ட் அடிக்க ஆள் வரச் சொல்லட்டுமா என்று கேட்டார். அளவு எடுக்கட்டும் என்றேன்.

செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், காபி உட்பட. சாவி வாங்கப் போனதையும்கூட. டிபன் பாக்ஸ் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"கெணத்துல தண்ணி இருக்குதுங்களா மேடம்? எங்களுக்குக் கெணத்தக் காட்டவே இல்லீங்க."

வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லி எழுந்து வந்தேன்.

நாலு மணிக்குப் பழனிசாமி போனில்.

"ஏனுங்க டீச்சரம்மா, இப்புடிப் பண்ணிப்போட்டீங்களே! என்ற மானமே போச்சு. இனி எந்த டீசண்ட்டான ஊட்டுக்கு உங்களக் கூட்டீட்டுப் போறது?"

"அந்த மாதிரி வேண்டாங்க. வேற மாதிரி இருந்தாச் சொல்லுங்க. ரெண்டு வீடு வேணும். ஒண்ணு தரையோட இருக்கோணும்."