ஜன்னலுக்கு மேலே ஏழு சென்டிமீட்டர்

ஜனவரி 14, செவ்வாய்

மைனஸ் இருபத்தெட்டு. ஏரிக்கரைக் கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். நர்சுகள் சங்கத்தினர் பத்துப் பத்துப் பேராக வந்து, ஒரு வாரம் ஒன்றாகத் தங்கி இளைப்பாற நான் வரைந்து கொடுத்த மரவீடு. பசை கிடையாது, ரசாயன நுரை கிடையாது. ஊர்க் காட்டுப் பைன் மரம், இடுக்குகளில் காற்றுப் புகாமல் அடைத்த பாசி. வேண்டாமென்றால் பிரித்து வேறிடத்தில் நிறுத்தலாம். இதையெல்லாம் சங்கக் கூட்டத்தில் எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்.

இன்று ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் இடையே, உச்சி மட்டத்தில், சுவர் மரங்கள் விலகியிருக்கின்றன. விரல் உள்ளே போகிறது. பாசி தரையில் உதிர்ந்து கிடக்கிறது.

காரணம் பார்த்ததும் தெரிந்தது. பச்சை மரச் சுவர் காயக் காயக் கீழே உட்காரும். அதற்காக ஒவ்வொரு ஜன்னல் சட்டத்துக்கும் கதவு நிலைக்கும் மேலே ஏழு சென்டிமீட்டர் காலியாக விட வேண்டும். விடவில்லை. மரத்தோடு முட்டக் கொடுத்து அடித்திருக்கிறார்கள். சுவரின் பாரம் முழுக்க இப்போது ஜன்னல்களின் தலையில் நிற்கிறது.

முன்னின்று அடித்தவர் ஊர்ஹோ. என் கணவன் யார்மோவின் பெரியப்பா.

ஜனவரி 15

யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 16, வியாழன்

ஊர் மன்றத்தில் வழக்கம்போல் பட்டாணி சூப்பும் அப்பமும். கூடம் கட்டிய பதினொரு பேரும் இருந்தார்கள். கோடை முழுக்கத் தல்கோத் என்று கூலியில்லாமல் வந்து உழைத்தவர்கள். தல்கோத்துக்கு வந்தவர் வேலையை இங்கே யாரும் குறை சொல்வதில்லை. ஆணி கோணலாக இறங்கினாலும் நன்றி சொல்லிக் காப்பி ஊற்றுவதுதான் முறை.

ஊர்ஹோ என் தட்டில் இன்னொரு அப்பம் வைத்தார். "சாப்பிடு மருமகளே. குளிர்ல பென்சில் மாதிரி ஆயிட்டே."

சிரித்தேன். அப்பத்தை மடித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன்.

ஜனவரி 20

யார்மோவிடம் சொல்லிவிட்டேன்.

"பெரியப்பாகிட்ட போய் இதைச் சொல்லப்போறியா?"

"சொல்லாம?"

"நாம இந்த ஊர்லதான் இருக்கணும், கய்சு."

அவ்வளவுதான். விறகு எடுக்கப் போய்விட்டான். விறகுப் பெட்டி நிறைந்துதான் இருந்தது.

ஒரு கடை, ஒரு மன்றம், ஒரு சாலை. துர்க்கு நகரத்திலிருந்து இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. போன கோடையில்தான் என்னை முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சொன்னால் ஊர் போச்சு, சொல்லாவிட்டால் வீடு போச்சு. எந்தப் பக்கம் திரும்புவது?

ஜனவரி 27

சங்கச் செயலாளர் மிர்வா ஃபோன் செய்தாள். "மார்ச் ஒண்ணாம் தேதி பத்து பேர் வர்றோம். ரெண்டு வருஷமா லீவே எடுக்காதவங்க. எல்லாம் ரெடிதானே?"

ரெடி என்றேன். நாக்கு எப்படித்தான் வந்ததோ.

பிப்ரவரி 3

கிழக்கு ஜன்னல் கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டுவிட்டது. அதைப் பார்க்க உள்ளே போனவளால் திரும்ப வர முடியவில்லை. வாசல் கதவு நிலையில் இறுகிப் பிடித்துக்கொண்டது. தோளால் இடித்தேன், உதைத்தேன். கடைசியில் சமையலறை ஜன்னல் வழியாகப் பனியில் குதித்தேன்.

உள்ளே பத்து பேர், அடுப்பில் தீ, கதவு இப்படி இறுகிக்கொண்டால்?

நான் ஏன் சாகணும் அந்த மனுஷனுக்காக? நாப்பது வருஷமா வீடு கட்டுறவர். இதுகூடவா தெரியாது?

பிப்ரவரி 5, புதன்

ஊர் அறியாமல், ஜன்னல்களுக்கு மேலே அந்த ஏழு சென்டிமீட்டரை நானே அறுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ரம்பத்தோடு போய் முதல் ஜன்னலின் மேல்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஊர்ஹோ பனிச்சறுக்கில் வந்து நின்றார்.

"என்ன பண்றே?"

மூன்று வாரமாக விழுங்கியது வெளியே வந்துவிட்டது. "மேல ஏழு சென்டிமீட்டர் விடணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

சறுக்குக் கட்டைகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். நிதானமாக.

"தெரியும்."

"அப்புறம்?"

"உன் வரைபடத்துல இல்லையே. முட்டக் குடுத்துத்தானே வரைஞ்சிருந்தே. நாங்க பதினொரு பேரும் ரெண்டு நாள் அதையேதான் பேசினோம். படிச்ச பொண்ணு, புதுசா ஏதோ வித்தை வச்சிருக்கும்னு விட்டுட்டோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீயும் தல்கோத்துக்கு வந்தவதானே. சம்பளம் வாங்காமத்தானே வரைஞ்சு குடுத்தே. உன்னை எப்படிக் குறை சொல்றது?"

பிப்ரவரி 6

ஊர்ஹோ சொன்னது சரி. என் வரைபடத்தில் ஜன்னல்களுக்கான ஒன்பதாம் தாள். துர்க்குவில் இருந்தபோது, காய்ந்த பலகைகளைப் பசையால் ஒட்டிச் செய்யும் ஒட்டு மரத்துக்கு வரைந்தது. ஒட்டு மரம் உட்காராது. பசை வேண்டாம் என்று பச்சை மரத்துக்கு மாறினேன், தாளை மாற்றவில்லை.

வெட்கமாக இருக்கிறது. அந்த மனிதரை மனசுக்குள் என்னென்ன திட்டினேன். மன்றத்துக்கும் போகவில்லை.

பிப்ரவரி 9

யார்மோ ஆறுதல் சொல்கிறான்: "பெரியப்பா யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டார்."

அதுதான் பயமாக இருக்கிறது. யாருமே திறக்க மாட்டார்கள். அடுத்த வீட்டையும் நான் தப்பாக வரைவேன், அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுவார்கள், எனக்குக் காப்பி ஊற்றுவார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

சொன்னேன். சூப்புக்கு நடுவே எழுந்து நின்று, ஒன்பதாம் தாள் என் தப்பு என்று. எல்லோரும் குனிந்து சூப்பைக் குடித்து முடித்தார்கள்.

மிர்வாவுக்கும் ஃபோன் செய்தேன். ஏப்ரலுக்குத் தள்ளினாள். "ரெண்டு பேருக்கு அப்ப லீவு கிடைக்காது" என்றாள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

பிப்ரவரி 22, சனி

பதினொரு பேரும் ரம்பத்தோடு வந்தார்கள். முதல் மூன்று ஜன்னல் முடியும்வரை பேச்சே இல்லை. அப்புறம் கடைக்கார ஹில்க்கா தொண்டையைக் கனைத்தாள். "சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன். அடுப்பு தப்பான மூலையில இருக்கு."

"படி உயரம் ஜாஸ்தி" என்றான் பின்னாலிருந்து ஒருத்தன். "எங்கம்மா ஏற மாட்டாங்க."

"வடக்கு ஜன்னல் எதுக்குன்னே புரியலை."

காப்பி வேளைக்குள் பதினேழு குறைகள். ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டேன். அடுப்பு விஷயத்தில் சண்டையே போட்டேன், ஹில்க்கா விடவில்லை. இத்தனை வருடத்தில் இவர்களோடு இவ்வளவு பேசியதில்லை. சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

மதியம் நீராவிக் குளியலுக்கான சவுனா அறைக்குப் போனேன். ஊர்ஹோ புதிதாகப் போட்ட மேல்பெஞ்சு இடப்பக்கம் ஒரு விரல் இறங்கியிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஊர்ஹோ, பெஞ்சு கோணல்."

அறையில் எல்லோரும் கையை நிறுத்தினார்கள். அவர் குனிந்து, ஒரு கண்ணை மூடி, பலகை நெடுகப் பார்த்தார்.

"ஆமா, கோணல்தான்" என்றார். "அந்த ரம்பத்தை எடு."

எடுத்துக் கொடுத்தேன்.