மண்ணெண்ணெயில் ஊறிய ரப்பர்

போன செவ்வாய்க்கிழமை போர் மோட்டாரைக் கழற்ற வந்தவர், கையிலிருந்த ஸ்பேனர் எதுவும் சேராமல், "ஏனுங்கம்மா, ஊட்டுல சின்ன ஸ்பேனர் ஏதாச்சும் கெடக்குதுங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கால் தானாகப் பரணுக்குக் கீழே போய் நின்றுவிட்டது. உங்களுடைய தகரப் பெட்டியை இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளும் திறந்ததில்லை. மூடியைத் தூக்கியதும் பழைய கிரீஸும் ஆயிலும் கலந்த அந்த வாடை மேலே வந்தது. ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கி, என்னுடைய பழைய மஞ்சள் சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்தீர்கள். அவர் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. என் முகத்தை அந்த மனிதர் பார்க்க வேண்டாம் என்றுதான் போனேன்.

மாமா, நீங்கள் இறந்துபோய் நான்கு வருஷம் ஆகிறது. இப்போது எழுதுவது உங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை. உங்களுக்குத் தெரியும், தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் என் வாயால் ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. நம் காரின் பிரேக்கைக் கெடுத்தது நான். பழியை வாங்கிக்கொண்டது நீங்கள்.

அந்தக் காரை நீங்கள் சேலத்தில் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கி வந்த நாளில் நான் வாசலுக்கே வரவில்லை. எழுபதுகளின் கடைசி அது. என்னைவிட அதற்கு வயது அதிகம் என்று நினைக்கும்படி இருந்தது அந்தக் கறுப்பு அம்பாசடர். ஒரு கதவை உள்ளேயிருந்து திறக்க, ஜன்னல் வழியே வெளியே கையை விட வேண்டும். என் அண்ணன் மோகனூரில் இரண்டு லாரி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாப்ள, இத ஓட்டறதுக்கு வாங்குனீங்களா, தள்றதுக்கு வாங்குனீங்களா?" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். விவசாய டிப்போவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த உங்களுக்கு ஒர்க்ஷாப்புக்குப் போகிற வசதியும் இல்லை, போகிற மனதும் இல்லை. "மனுசன் மாட்டுனத மனுசன் கழட்டலாம்" என்பது உங்கள் பேச்சு. ஞாயிற்றுக்கிழமையானால் உங்கள் பாதி உடம்பு காருக்கு அடியில்தான் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் உங்கள் காலைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

ஏற்காட்டுக்குக் கிளம்பியது நினைவிருக்கிறதா? மலை ஏறுவதற்கு முன்பே, கொண்டப்பநாயக்கன்பட்டியில் ரேடியேட்டர் ஒழுகி, மூடியிலிருந்து ஆவி பீய்ச்சி அடித்தது. எனக்கு அவமானமாக இருந்தது. பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நீங்கள் பதறவே இல்லை. எதிரே இருந்த மளிகைக் கடையில் ஒரு பொட்டலம் மஞ்சள் தூள் வாங்கி வந்து, சூடு தணிந்ததும் தண்ணீரோடு அதற்குள் கொட்டினீர்கள். கொஞ்ச நேரத்தில் ஒழுகுவது நின்றது. "பாத்தியா அம்மிணி, வண்டிக்கு மஞ்ச நீராட்டியாச்சு" என்றீர்கள். மலைக்குப் போகாமல் அப்படியே திரும்பி வந்தோம். வழியெல்லாம் நான் சிரித்துக்கொண்டே வந்தேன். அன்றைக்குத்தான் அந்தக் கார் எனக்கும் சொந்தமானது என்று சொல்ல வேண்டும்.

அப்புறம் நானும் கார் வேலைக்காரியானேன். கழற்றிய சாமான்களையெல்லாம் பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவித் துடைப்பது என் பொறுப்பு. அதைவிடப் பெரிய பொறுப்பு பிரேக்குக்குக் காற்று எடுப்பது. பிரேக் குழாயில் காற்று புகுந்துவிட்டால் மிதித்தாலும் பிடிக்காது. அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். நான் உள்ளே உட்கார்ந்து மிதிப்பேன். நீங்கள் சக்கரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, அந்தச் சின்ன ஸ்பேனரால் திருகைத் தளர்த்துவீர்கள். "அமுக்கு" என்பீர்கள். "அமுக்கிட்டனுங்க" என்பேன். "புடி" என்பீர்கள். "புடிச்சிருக்கனுங்க." திருகை முடுக்கிவிட்டு, "உடு" என்பீர்கள். நீங்கள் சொல்வதற்கு முன்பு காலை எடுத்தால் காற்று மறுபடியும் உள்ளே போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தடவை பால்காரர் கூப்பிட்டாரென்று நான் காலை எடுத்துவிட்டேன். நீங்கள் முகம் சுளிக்காமல் நான்கு சக்கரத்துக்கும் மறுபடி ஆரம்பித்தீர்கள். நம் கல்யாண வாழ்க்கையில் நாம் அதிகமாகப் பேசிக்கொண்டது இந்த மூன்று வார்த்தைதான் என்று தோன்றுகிறது.

அண்ணன் மகளுக்குக் காது குத்து வந்தது. அதற்கு முந்தின வாரமே பிரேக் சரியில்லை என்று நீங்கள் சக்கரங்களைக் கழற்றிவிட்டீர்கள். பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர்கள் தேய்ந்துபோயிருந்தன. சின்னக் கிண்ணம் மாதிரி, கட்டைவிரல் அகலத்துக்கு இருக்குமே, அவைதான். சேலம் போய்ப் புது ரப்பரும் ஒரு டப்பா பிரேக் ஆயிலும் வாங்கி வந்தீர்கள். மறுநாள் விசேஷம். டிப்போவுக்குக் கிளம்பும்போது ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பிரேக் ஆயிலை ஊற்றி, ரப்பரையெல்லாம் அதன் பக்கத்தில் வைத்தீர்கள். "இத இந்த ஆயில்லயே கழுவி வெச்சிரு அம்மிணி. மண்ணெண்ணெய மட்டும் காட்டிராத, ரப்பர் ஊதிக்கும்" என்றீர்கள். இரண்டு தடவை சொன்னீர்கள்.

கிண்ணத்தை நான் தட்டிவிட்டேன். ஆயில் முழுக்க மண்ணில் போய்விட்டது. டப்பாவில் மிச்சம் இருந்தது குழாய்க்கே காணாது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். உங்களிடம் சொன்னால் திட்ட மாட்டீர்கள். "பரவால்ல அம்மிணி, நாளைக்கு பஸ்ஸுல போயிக்கலாம்" என்பீர்கள். அதுதான் எனக்கு வேண்டாம். சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நசுங்கிப் போய் இறங்க எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணி வீட்டு ஒறம்பரை ஜனம் அத்தனை பேரும் பார்க்க, பட்டுச்சேலையோடு காரிலிருந்து இறங்க வேண்டும். வாசலுக்குக்கூட வராமல் இருந்தவளுக்கு வந்த ஆசையைப் பாருங்கள். இரும்பையெல்லாம் மண்ணெண்ணெயில்தானே கழுவுகிறோம், ரப்பருக்கு மட்டும் என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டு, பேசினில் போட்டு ஊற வைத்தேன். நீங்கள் வருகிற நேரத்துக்கு எடுத்துத் துடைத்து, மண்ணைப் போட்டு ஆயில் கறையை மூடினேன்.

மாட்டும்போது நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன். "என்ன, இறுக்கமா இருக்குதே" என்றீர்கள். "புதுசு இல்லீங்களா மாமா" என்றேன். நீங்கள் என்னை நம்பினீர்கள். அப்புறம் அமுக்கினேன், பிடித்தேன், விட்டேன். ஒரு குறையும் தெரியவில்லை.

மறுநாள் பாதி வழியில், வண்டி ஓடாமல் எதுவோ பிடித்து இழுக்கிறது என்றீர்கள். கருகின வாடை வந்தது. "எங்கியோ தீயற வாசம் வருதே" என்றீர்கள். "கரும்புத் தோகை எரிக்கறாங்களாட்ட இருக்குதுங்க" என்றேன். வயலில் எங்கும் புகை இல்லை. எனக்கு அப்போதே அந்த ரப்பர் நினைவுதான் வந்தது. நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அண்ணன் வீட்டுத் தெருவில் திரும்பினபோது பிரேக் மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. நீங்கள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தீர்கள், ஸ்டீயரிங்கை ஒடித்தீர்கள். வண்டி மெதுவாகத்தான் போனது. ஆனாலும் பந்தல் காலைப் போய் முட்டியது. காலோடு கீற்றும் வாழை மரமும் சாய்ந்தன. வாசலில் நாற்காலி போட்டு வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்த என் அப்பா கீழே விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது.

அவருக்குக் கட்டுப் போட்டு வந்தபின் நீங்கள் அங்கேயே சக்கரத்தைக் கழற்றினீர்கள். சுற்றிலும் லாரிக்காரர்கள் நின்றார்கள். ரப்பர் ஊறின கொண்டைக்கடலை மாதிரி ஊதிப்போய் சிலிண்டருக்குள் இறுகிக் கிடந்தது; பிரேக் விடாமல் உரசி, அந்தச் சூட்டில் ஆயில் கொதித்திருந்தது. நெம்பி எடுத்து மூக்கருகில் கொண்டுபோனீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் பட்டுச்சேலையில் நின்றேன். நீங்கள் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. எனக்குச் சொல்ல அவகாசம் கொடுத்துக் காத்திருந்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்னாச்சுங்க மாப்ள?" என்று அண்ணன் கேட்டார்.

"என்ற தப்புத்தான் மச்சான். ரப்பர நாந்தான் சரியாப் பாக்கல."

அப்பா திட்டவில்லை. கழுத்தில் கட்டிய தூளியில் கையை வைத்துக்கொண்டு, "கை போனாப் போவுதுங்க. இனிமே ஊட்டுல இந்த வேலையெல்லாம் வேண்டாஞ் சாமி" என்று மட்டும் சொன்னார். சரிங்க என்று தலையாட்டினீர்கள். நீங்கள் தலையாட்டினால் அது முடிந்த முடிவு. கார் ஒர்க்ஷாப்புக்குப் போனது. இரண்டு வருஷத்தில் விற்றுவிட்டீர்கள். ஸ்பேனர்கள் பரணில் ஏறின. அப்புறம் வீட்டுக் குழாய் சொட்டினால்கூட ஆளைக் கூப்பிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே பேப்பரை இரண்டு தடவை படித்துவிட்டு, கார் நின்ற இடத்தில் போய் நின்றுவிட்டு வருவீர்கள். அதையெல்லாம் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். சொல்ல எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

இதையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பஸ்ஸில் இறங்கி நடந்துதான் போனோம். வாசலிலேயே அண்ணன், "பந்தல்கார மாப்ள வந்துட்டாரு! ஏனுங் மாப்ள, கொஞ்சம் எட்டவே நில்லுங்க, பந்தல் புதுசு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள், பிறகு நீங்களும் சிரித்தீர்கள். பிரேக்கைக் கெடுத்தது தெரியாமல் செய்தது என்று எப்படியோ சமாதானம் சொல்லிக்கொள்வேன். அந்தச் சிரிப்புக்கு என்னிடம் சமாதானமே இல்லை மாமா. அந்தப் பட்டப்பெயர் உங்கள் கருமாதி வரைக்கும் வந்தது. அன்றைக்கும் நான் பேசாமல்தான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திறந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று, ஞாயிற்றுக்கிழமை, மோகனூரில் அண்ணன் பேத்திக்கு நிச்சயம். மகன் காரில் கூட்டிப்போனான். சாப்பாட்டு இலையில் உட்கார்ந்துகொண்டு, புதுச் சம்பந்திகளிடம் அண்ணன் பழைய கதையை ஆரம்பித்தார். "எங்க மாப்ள தங்கமான மனுசனுங்க. காரு வேலை மட்டுந்தான் அவருக்கு வராது." பந்தல் கால் சாய்கிற இடம் வருவதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"அண்ணா, அது அவரு செஞ்சதில்ல. ரப்பர மண்ணெண்ணெயில ஊறப் போட்டது நானு. அவரு வேண்டாம்னு சொல்லியும் போட்டேன். தெரிஞ்சும் அவரு காட்டிக் குடுக்கல" என்றேன். கிண்ணம் கொட்டியது, கரும்புத் தோகை என்று பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சும்மா இரு அம்மிணி. செத்தவரு பேரு கெடக்கூடாதுன்னு பழிய உன்ற தலையில போட்டுக்கற. எனக்குத் தெரியாதா உன்னைய?" என்றார். பிறகு சம்பந்திகளிடம் திரும்பி, "பாத்தீங்களா, எங்கூட்டுப் பொண்ணு எப்படின்னு" என்றார். இல்லையண்ணா, நிஜம் என்று மறுபடியும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்களுக்கு என்மேல் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மகராசி, புருசன்னா இப்படியல்ல இருக்கோணும்" என்றார். என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விழுந்தது.

அன்றைக்கு, ஊதின ரப்பர் உங்கள் கையில் இருந்தபோது சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். இத்தனை காலம் வைத்திருந்து எடுத்தபோது, என் குற்றமும் எனக்கே பெருமையாகப் போய்விட்டது. உங்களுக்குப் பந்தல்காரர் என்ற பெயர் அப்படியே இருக்கிறது. அதை மாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழியும் நேற்றோடு அடைபட்டுவிட்டது. பாயசத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

திரும்பி வரும்போது மகன் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் ஒரு வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். என் வலது கால் தானாகத் தரையை அமுக்கியது. "ஏம்மா, உங்க பக்கம் பிரேக் இல்லீங்களே" என்று மகன் சிரித்தான். நம் வீடு வருகிறவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். நீங்கள் "உடு" என்று சொல்லாமல் காலை எடுக்கக் கூடாது என்பதுதானே நம் முறை.