இருநூற்று இருபத்தைந்து தாள்கள்

7.6.93 திங்கள்

விடியவே சோளகக் காற்று. முற்றத்துப் புழுதி முழுக்க விறாந்தையில். தாள்கள் பறக்காமல் இருக்க அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன். சம்பலுக்கு அதையே திரும்பத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

செய்ய:
சைக்கிள் ரியூப் ஒட்டுவிக்க.
சங்கக் கடையில் சவர்க்காரம் வந்ததா கேட்க.
பூமணி அக்காவின் சுளகைத் திருப்பிக் கொடுக்க (மூன்றாம் தரம் எழுதுகிறேன், வெட்கம் கெட்டவள்).
அப்பாவிடம் மிச்சம் ஏழு தாள்.

சிவநேசன் 19ஆம் திகதி கிளாலிக் கடலேரியால் கொழும்புக்குப் போகிறாராம். கம்பஸில் பௌதிகம் படிப்பிக்கிறவர், அங்கே படிப்பிக்கிற எனக்குப் பக்கத்து அறை. "பாஸ் கிடைச்சிட்டுது. உங்கடை கடிதத்தை 18ஆம் திகதி வெள்ளிக்குள்ளை தாங்கோ, அங்கை தபாலிலை சேத்துவிடுறன்" என்றார். இதை விட்டால் அடுத்த ஆள் எப்போது போவாரோ.

கடிதம் என்றால் என் கணக்கு. வெளிநாட்டுப் பேராசிரியர் பங்குனியில் எழுதியிருந்தார்: உன் முறை வேலை செய்கிறது என்று ஒரு படத்தின் ஒரு துண்டிலாவது காட்டு, இங்கே ஆராய்ச்சிக்கு இடம் இருக்கிறது. கூடவே இரண்டு படம். படம் என்றால் எண்கள்தான். ஒரு பெண் தலையை ஆட்டிக் கதைக்கிற வீடியோவில் அடுத்தடுத்த இரண்டு படங்கள். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் ஒரு எண். இங்கே கரண்ட் நின்று மூன்று வருடம். கம்பஸ் கம்பியூட்டர் உறை போட்டபடி. ஆகவே கையால்.

கை அப்பாவுடையது. நில அளவைக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் கணிப்புக் கிளாக்கர்.

8.6.93 செவ்வாய்

அப்பா முடித்துவிட்டார்! 225 தாள்.

சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு தொடங்கியது. அன்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். வீடியோவில் ஒவ்வொரு படத்தையும் முழுதாக அனுப்பக் கட்டுப்படியாகாது. படத்தை எட்டுக்கு எட்டுச் சிறு கட்டங்களாகப் பிரி. இந்தக் கட்டம் முந்திய படத்தில் எங்கே இருந்தது என்று தேடு. கண்டுவிட்டால் 'வலம் மூன்று, கீழ் இரண்டு' என்று இரண்டு எண் அனுப்பினால் போதும். ஆனால் ஒரு கட்டத்துக்கே தேட 225 இடம், இடத்துக்கு ஒரு தாள். ஒவ்வொரு இடத்திலும் 64 கழித்தல், பிறகு கூட்டல். கூட்டுத்தொகை எங்கே ஆகக் குறைவோ அங்கேதான் கட்டம் இருந்தது.

"எல்லா இடமும் பாக்கவேணுமோ?"

"பாக்காமல் கண்டுபிடிக்கிறதுதான் என்ரை முறை, அப்பா. பக்கத்துக் கட்டம் எந்தப் பக்கம் போச்சுதோ அங்கையிருந்து தேடத் தொடங்கினால் பதின்மூண்டு இடம் போதும்."

"அப்ப நான் என்னத்துக்கு 225 பாக்கிறன்?"

"என்ரை சரியோ எண்டு ஒப்பிட."

"ஓ. நீ குறுக்கு ஒழுங்கையாலை ஓடிப்போவாய், நான் றோட்டாலை சுத்தி வரவேணும்." சிரித்தார். ஒரு நாளைக்கு ஐந்தாறு தாள் செய்தார்.

கந்தோர்ப் பழக்கத்தை விடவில்லை. தாளின் அடியில் இரண்டு பேர் ஒப்பம்: கணித்தவர், சரிபார்த்தவர். சிவப்புப் பென்சிலால் அவர் க.வே. என்று போட, பக்கத்தில் நான் வ. என்று போட்டேன். சரிபார்க்கவில்லை. அப்பாவின் கணக்கை யார் சரிபார்க்கிறது?

பின்னேரம் பொம்மர் வந்தது. பங்கருக்குள் இறங்கும்போது அப்பா ஒவ்வொரு படியாகக் காலால் தடவினார். "முழங்கால்" என்றார். எங்கேயோ தூரத்தில் குண்டு போட்டான். வெளியே வந்து தேத்தண்ணி, பனங்கட்டித் துண்டு.

9.6.93 புதன்

கோதாரி. என் முறையில் ஆகக் குறைந்தது 187. அப்பாவின் 225 தாளிலும் ஆகக் குறைந்தது 243.

நடக்கவே முடியாது. என் பதின்மூன்று இடமும் அவருடைய 225க்குள் இருப்பவை. ஊரில் எல்லா வீட்டிலும் கேட்டவருக்குக் கிடைக்காதது பதின்மூன்று வீட்டில் கேட்டவளுக்கு எப்படிக் கிடைக்கும்? 'வலம் 3, கீழ் 2' என்னிடம் 187. அப்பாவிடம் 301. அதே இடம், அதே எண்கள்.

நான்தான் எங்கேயோ பிழை விட்டிருக்கிறேன். அவசரக் குடுக்கை.

சவர்க்காரம் வரவில்லை.

10.6.93 வியாழன்

என் பதின்மூன்றையும் திரும்பச் செய்தேன். 187. இன்னொரு தரம். 187.

மத்தியானம் அப்பா படுத்திருக்கும்போது அவருடைய தாள்களை எடுத்தேன். கூட்டல் எல்லாம் சரி, ஒன்றும் பிசகவில்லை. பிறகு கழித்தலைப் பார்த்தேன். முதல் நாற்பது தாளும் சரி. அதற்குப் பிறகு ஒரு வரிகூடப் பொருந்தவில்லை. 3, 5, 2, 6, 4, 7. நான் எழுதிக் கொடுத்த எண்களுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பூச்சியமும் இல்லை. உண்மையான கழித்தலில் பூச்சியம் மலிந்து கிடக்கும், சுவரும் சட்டையும் ஒரே வெளிச்சந்தானே. ஒரே எண் மூன்று நான்கு தரம் தொடர்ந்தும் வரும். அப்பாவின் தாளில் அப்படி ஒரு இடமும் இல்லை. யோசித்து யோசித்து மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்.

இட்டுக்கட்டியிருக்கிறார். அப்பா! எனக்கு வந்த கோபத்தில் சோற்றுப் பானையை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன்.

11.6.93 வெள்ளி

கம்பஸ் போகவில்லை. இன்று ஒரு வேலை செய்தேன். நல்ல வேலை அல்ல.

ஒரே கட்டத்தை இரண்டு தாளில் எழுதினேன். 64 எண்ணும் அச்சொட்டாக அதே. கழித்தால் எல்லாம் பூச்சியம், மொத்தமும் பூச்சியம். பார்த்த உடனே எவரும் சிரித்துவிடுவார்கள்.

"அப்பா, ஒரு தாள் விட்டுப்போச்சு."

"கொண்டா, கொண்டா." முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். வெளிச்சப் பக்கம் திருப்பினார். பிறகு இரண்டையும் மடியில் வைத்துவிட்டுத் தன்னுடைய தாளில் கொட்டை கொட்டையாக எழுதத் தொடங்கினார். அரை மணித்தியாலம். ஒரு இடத்தில் நின்று யோசிக்கவும் செய்தார், ஏதோ கடினமான கழித்தல் வந்ததுபோல.

மொத்தம் 268. கீழே க.வே.

"வடிவாச் சரிபாத்துப் போடு" என்றார்.

அவருக்கு என் எழுத்துத் தெரியவில்லை. முதல் நாற்பதும் பேனையால் எழுதியவை. மை முடிந்த பிறகு காபன் தாள் வைத்து அழுத்திய மங்கல் எழுத்து, பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கம், கடதாசியை மிச்சம் பிடிக்கச் சின்னச் சின்ன எழுத்து. தான் எழுதும் பெரிய எழுத்து மட்டும் ஓரளவு தெரிகிறது. அதனால் தன் எண்களைப் பிழையில்லாமல் கூட்டியிருக்கிறார்.

கிணற்றடிக்குப் போய் நின்று அழுதேன். வாளி கயிற்றோடு உள்ளே விழுந்துவிட்டது.

12.6.93 சனி

கண்டும் காணாதவை:
பங்கர்ப் படி.
பேப்பரைத் தொடாமல் "உதிலை என்ன புதினம் கிடக்கு" என்றது.
தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் தடவி எடுப்பது.
போன வருடம் நல்லூர்த் தேரன்று, தேர் எங்கள் முன்னால் வந்து நிற்க, "தேர் வெளிக்கிட்டிட்டுதோ பிள்ளை" என்று கேட்டது. சனத்துக்குள் மறைக்கிறது என்று நினைத்தேன்.

225 தரம் வ. என்று போட்டிருக்கிறேன். ஒரு தரம், ஒரேயொரு தரம் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒரு புள்ளி எத்தனை இடம் நகர்ந்தது என்று தேடிக்கொண்டு திரிந்தேன். முன்னால் இருந்த மனிதனைப் பார்க்கவில்லை. எனக்கு என் மேலேயே அருவருப்பு.

14.6.93 திங்கள்

"கண்ணாடி மாத்துவம், வாங்கோ" என்று பொய் சொல்லி அப்பாவைச் சைக்கிள் கரியரில் ஏற்றி மானிப்பாய் ஆஸ்பத்திரிக்கு. எதிர்க்காற்று.

டொக்டர் நல்ல பிள்ளை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கண்ணுக்குள்ளை அமுக்கம் கூடி நரம்பு பட்டுப்போச்சு. போன பார்வை திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாத்த மருந்து விடவேணும். இப்ப கைவசம் இல்லை, வந்தால் அறிவிக்கிறன்."

"எப்ப தொடக்கம் இருந்திருக்கும், டொக்டர்?"

"வருசக்கணக்கா இருக்கும். ஐயாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

திரும்பி வரும்போது அப்பா கேட்டது: "கண்ணாடி எப்ப தருவினமாம்?"

15.6.93 செவ்வாய்

கேட்டேவிட்டேன்.

"ஏன் அப்பா சொல்லேல்லை?"

"சொன்னால் நீ போகமாட்டாய்."

"கணக்குப் பிழைச்சாலும் போக ஏலாதே! அது தெரியாதோ உங்களுக்கு?"

"உன்ரை முறை சரி எண்டு எனக்குத் தெரியும். சரியான முறைக்கு என்ரை தாள் சும்மா ஒரு சாட்சி. ரெண்டு பேர் ஒப்பம் இருந்தால் ஆரும் தோண்டிக் கேக்கமாட்டினம் எண்டு நினைச்சன்." பிறகு, "முப்பத்தொரு வருசத்திலை ஒரு பொய் இலக்கம் போட்டவனில்லை, பிள்ளை" என்றார். அழுதார். அவர் அழுது நான் கண்டது அம்மாவின் செத்தவீட்டில் மட்டும்தான்.

"என்ரை பேர் போட்ட தாளெல்லாத்தையும் எரி."

எரித்தேன். அதில் இரண்டு தரம் தேத்தண்ணி வைத்தேன். அவரும் குடித்தார், நானும் குடித்தேன்.

16.6.93 புதன்

வெள்ளிக்கு இரண்டே நாள். சாப்பிடும்போது அப்பாவே தொடங்கினார்: "நீ வாசி. நான் மனத்தாலை கழிச்சுக் கூட்டிக்கொண்டு வாறன். கண்தானே போச்சு."

225க்கு நேரமில்லை. தேடும் எல்லையை ஒவ்வொரு பக்கமும் மூன்றாகச் சுருக்கினேன், 49 இடம். நான் இரண்டு எண்ணாக வாசிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு "ம், ம்" என்று வந்தார். கடைசியில் மொத்தம் சொல்வார். பக்கத்தில் நான் எழுதிப் பார்ப்பேன். இம்முறை ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன். இருபத்தெட்டுத் தாளில் ஒரு பிழை. அதுவும் நான் வாசித்த பிழை.

பூமணி அக்கா வேலியால் எட்டிப் பார்த்தார். "என்ன, அப்பனும் மோளும் விடியத் தொடக்கம் தேவாரமோ படிக்கிறியள்?" சுளகைக் கொடுத்துவிட்டேன். அப்பாவின் கண்ணைப் பற்றியும் சொன்னேன். "எனக்கு முந்தியே தெரியுமடி" என்றார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

17.6.93 வியாழன்

முடிந்தது. 49லும் ஆகக் குறைந்தது 187. வலம் 3, கீழ் 2.

அப்பா கதிரைச் சட்டத்தில் ஓங்கி அடித்தார். "பாத்தியே! ஒழுங்கை சரி!" கொஞ்ச நேரம் நாங்கள் இரண்டு பேரும் விசர் பிடித்த மாதிரிச் சிரித்தோம். கடைசித் தாளில் ஒப்பம் போட அவருடைய கையைப் பிடித்து இடத்தைக் காட்டினேன். க.வே. வரிக்கு மேலே ஏறிவிட்டது.

பூமணி அக்கா: "நீ போ. நான் ஒரு நேரச் சோறு குடுக்கமாட்டனே?" கொடுப்பார். ஆனால் பொம்மர் வந்தால் பங்கருக்குள் யார் இறக்குவது? தம்பி ஜேர்மனியில், கடிதம் வந்து ஏழு மாதம்.

போக ஆசை. சரியான ஆசை. சொல்ல ஆளில்லாததால் எழுதுகிறேன். என் முறை வேலை செய்கிறது. அது அங்கே ஒரு கம்பியூட்டரில் ஓடுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது.

போகமாட்டேன்.

18.6.93 வெள்ளி

காற்றுக் குறைவு. கணக்கை நல்ல தாளில் அழகாகப் படியெடுத்தேன். முறை, அட்டவணை, 187. மேலே ஒரு கடிதம், ஆங்கிலத்தில், ஏழு வரி: முடிவுகளை அனுப்புகிறேன், பயன்படுமானால் பயன்படுத்திக்கொள்ளுங்கள், குடும்ப நிலைமையால் என்னால் வர இயலாது, மன்னிக்கவும்.

"கடிதத்தை வாசி, கேப்பம்" என்றார் அப்பா. கந்தோர் ஆங்கிலம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசித்தேன். முடிவுகளை அனுப்புகிறேன். தாங்கள் தரும் இடத்தை நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன். ஒக்ரோபரில் வந்துசேருவேன். குரல் நடுங்கவில்லை. நன்றாகவே பொய் சொன்னேன்.

"நல்லாயிருக்கு. இன்னொருக்கா வாசி."

வாசித்தேன்.

அப்பா சேர்ட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

"முதல் ஒக்ரோபர் எண்டு வாசிச்சனீ. இப்ப நவம்பர் எண்டுறாய்."

தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி, உறையை ஒட்டு" என்றார். "இனி நீ வாசிக்கிறதைத்தானே பிள்ளை நான் நம்பவேணும்."

"ஓம் அப்பா" என்றேன். நாலரைக்குச் சிவநேசன் வந்து உறையை வாங்கிக்கொண்டு போனார்.