முன்சக்கரம் விட்ட சேதி

கோபாலு, அம்மா எழுதுகிறேன். நீ கூட்டிவரும் மெக்கானிக்குக்குச் சாமைச்சோறு போட்டு அனுப்பிவிடு. ஜீப்பின் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டாம்.

"உனுக்கு இன்னா தெரியும்" என்று நேற்று உன் பெண்டாட்டியின் வாயை அடைத்தாயே, அந்தப் பாஞ்சாலைதான் ஜீப்பின் சத்தத்துக்குக் காரணம் கண்டுபிடித்தாள். மண்பாதையில் இல்லாத முனகல், தார்ரோட்டில் திரும்பும்போது மட்டும் ஏன் வருகிறது என்று யோசித்திருக்கிறாள். மலைக்குப் போட்ட நாலுசக்கர இழுவை, நீ லிவரைத் தள்ளியும் விடாமல் இறுகிக் கிடந்திருக்கிறது. நீ விளையாட்டாய்ச் சொல்லிக்கொடுத்தபடியே அவள் வண்டியைச் சற்றுப் பின்னால் எடுத்தாள். உள்ளே டக்கென்று முன்சக்கரப் பிடி விட்டது. வளைவில் ஓட்டியும் பார்த்தாள். முனகல் இல்லை.

"நான்னு எழுதாதீங்க அத்தே, அவருக்கு ரோசம் வரும்" என்றாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

அவளும் நானும் பஸ்ஸில் சந்தைக்குப் போகிறோம்.

பின்குறிப்பு: வண்டிச் சாவி அவள் முந்தானையில். பேசி வாங்கிக்கொள்.