தழும்பை மறைக்காத கேமரா

என் உயிரான சரசு அக்காவுக்கு,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. நான் ஒரு கேமரா வாங்கியிருக்கிறேன். சிரிக்காதே. மிக்ஸியில் ஒரு பட்டன் கூடுதலாக இருந்தாலே தொடப் பயப்படுகிறவள் கேமரா வாங்கினாளா என்று நீ கேட்பது இங்கே காதில் விழுகிறது. எல்லாம் உன் படத்தால் வந்த வினை.

நம் ஆஸ்டின் டவுன் வீட்டு ஹாலில் மாலை போட்டு மாட்டியிருக்கிறோமே, அந்தப் படத்தைத்தான் சொல்கிறேன். பென்ஷன் ஆபீசுக்கு என்று நீ தெருமுனை ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டதாம். உன் மகன் கார்த்திக் அதையே பெரிதாக்கி ஃபிரேம் போட்டு வாங்கி வந்தான். வந்தவர்கள் எல்லாரும் "எவ்ளோ லட்சணமா இருக்காங்க" என்றார்கள். எனக்கு மட்டும் முதல் நாளே சந்தேகம். மாலையை ஒதுக்கிப் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேலே இருந்த தழும்பைக் காணோம். நாலு தையல் போட்ட தழும்பு, அக்கா! ஸ்டூடியோக்காரன் துடைத்துப் போட்டுவிட்டான், பாவி. தினமும் நான் யாருக்கு விளக்கேற்றிக்கொண்டிருக்கிறேன்?

சரி, வேறு படம் மாட்டலாம் என்று கார்த்திக்கின் ஃபோனைப் பிடுங்கி உட்கார்ந்தேன். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பாதியில் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாய். மீதியில் உன் நெற்றி பளிங்குத் தரை மாதிரி இருக்கிறது.

"நல்லாத்தானே இருக்காங்க சித்தி? பத்து வயசு குறைஞ்ச மாதிரி."

"அதாண்டா எனக்கு சந்தேகம். என்னை ஒண்ணு எடு, பாப்போம்."

எடுத்தான். என் தாடை மச்சம் பாதி காணாமல் போயிருந்தது. யாரைக் கேட்டு அழித்தாய் என்றேன். "நான் ஒண்ணும் பண்ணலை சித்தி, அது தானா பண்ணிக்குது" என்றான். தானாகப் பண்ணிக்கொள்கிற எதையும் நான் நம்பினதில்லை, உனக்குத்தான் தெரியுமே. உன் நிஜ முகம் எந்தப் படத்திலும் இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இருக்கிறவர்கள் முகமாவது இனிமேல் இருக்கிறபடி இருக்கட்டும் என்று முடிவு பண்ணினேன்.

கார்த்திக் ஆன்லைனில் ஒரு கேமரா காட்டினான். அட்டைப்பெட்டி முழுக்கப் பெரிய பெரிய மெகாபிக்சல் நம்பர், லென்ஸோ சட்டைப் பொத்தான் அளவு. போடா என்று சொல்லிவிட்டு நானே சிவாஜி நகர் பக்கம் போனேன். ஒரு கடையில் வெள்ளி நிறத்தில் உள்ளங்கை அளவு கேமரா வைத்திருந்தார்கள். பழசுதான், ஆனால் நல்ல நிலையில் இருந்தது. கடைக்காரர் கன்னடக்காரர், தமிழும் பேசினார்.

"சும்னே இந்த பட்டனை அமுக்கினா போதும்மா. ஃபேமிலி போட்டோவுக்கு இதுக்கு மேல பேடா, வேணாம்."

"முகத்தைப் பாலிஷ் போடுமா?"

"அழகா காட்ற மோடு இருக்கும்மா. போட்டுத் தரவா?"

"போட்டுத் தரீங்களா! அதை அணைச்சுக் குடுங்க. என் கண் முன்னாடி அணைங்க."

அணைத்தார். அதையும் நம்பவில்லை. அவரையே நிற்கவைத்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். காலையில் ஷேவ் பண்ணும்போது வெட்டிக்கொண்ட காயம் அப்படியே இருந்தது. "யம்மா, நீங்க போலீசா?" என்றார் அந்த மனுஷர். பேட்டரி மூடியைப் பத்து தடவை திறந்து மூடிவிட்டு வாங்கிக்கொண்டேன்.

வருகிற வழியிலேயே ஸ்டூடியோவுக்குப் போனேன். கையில் சாட்சி இருக்கிறது இல்லையா? கேமராவை மேஜை மேல் வைத்து, "இந்தச் சின்ன மெஷினுக்கு இருக்கிற நாணயம் உங்களுக்கு இல்லையே, எங்கக்கா முகத்தைத் தொட உங்களுக்கு யார் உரிமை குடுத்தது?" என்று ஆரம்பித்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பக்கத்துக் கடையில் காபி சொன்னார். எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. தப்புப் பண்ணாதவன் எதற்குக் காபி வாங்கித் தருகிறான்?

"நீங்கதான் சிஐடியாம்மா?" என்றார்.

அக்கா, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நீ எனக்கு வைத்த அந்தப் பேர் உன்னையும் என்னையும் தவிர யாருக்குத் தெரியும்?

"ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முன்னாடி ஆட்டோ புடிச்சு அவங்களேதான் வந்தாங்க. பென்ஷன் எல்லாம் சும்மா. 'இது எங்க வீட்ல மாட்டப்போற படம். புருவத்து மேல இருக்கிறதை எடுத்துடு. என் தங்கச்சி தினமும் இது முன்னாடி நிப்பா, அதைப் பாத்தா அவளுக்கு மனசு தாங்காது'ன்னாங்க. மகன் கிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னாங்க. 'அவ ஒரு சிஐடி, கண்டுபிடிச்சு சண்டைக்கு வருவா. வந்தா உக்காரவெச்சு ஒரு காபி குடுத்துட்டு அப்புறம் சொல்லு'ன்னாங்க."

கருவி, கடை, மனிதர் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேனே, உன்னைச் சந்தேகப்படத் தோன்றவில்லையே எனக்கு.

அப்புறம் அவர் கம்ப்யூட்டரில் துடைப்பதற்கு முன்னால் எடுத்த படத்தைத் திறந்தார். நேராகப் பார்க்கிறாய். தழும்பு இருக்கிறது. ஒரு வருஷமாகத் தேடின முகம் அது. என்னால் பார்க்க முடியவில்லை, அக்கா. சின்ன வயசில் குழாயடியில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்கிற சண்டையில் நான் உன் மேல் வீசின பித்தளைச் சொம்புதான் கண்ணில் வந்தது. ரத்தத்தைப் பார்த்து நான் நடுங்கினதும், அம்மாவிடம் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று நீயாகவே முந்திக்கொண்டு சொன்னதும் வந்தன. கல்யாணப் படத்திலிருந்து கடைசி வரை நீ முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றது அழகுக்காக என்றுதான் நினைத்திருந்தேன். எனக்காகவா?

"ஒரிஜினல் பிரிண்ட் போடவாம்மா?" என்றார். இருங்கள், வந்து சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கார்த்திக்கும் உன் மருமகள் ரேவதியும் குழந்தையோடு வைட்ஃபீல்டிலிருந்து வந்தார்கள். உன் பேத்தி நிலா மெட்ரோ படியில் விழுந்து நெற்றியில் சிராய்ப்போடு வந்து நின்றாள். "ஆறட்டும் சித்தி, அப்புறம் எடுக்கலாம், மூஞ்சி நல்லால்ல" என்றாள் ரேவதி. நான் விடவில்லை. வீட்டில் இந்தக் கேமரா எடுத்த முதல் படம் அதுதான். சிராய்ப்பு, மூக்கொழுகல், பாயசம் ஒட்டின கன்னம் எல்லாம் விழுந்திருக்கின்றன.

கார்த்திக் எட்டிப் பார்த்தான். "அம்மாவுக்கும் இங்கதானே ஒரு தழும்பு? பாத்ரூம்ல விழுந்தாங்களாமே?" என்றான்.

ரசம் ஊற்றவா என்று கேட்டுவிட்டு உள்ளே போய் அடுப்பு முன்னால் நின்றுகொண்டேன். ஊரையே குறுக்கு விசாரணை பண்ணுகிறவள், என்னிடம் ஒரு கேள்வி வந்ததும் ஓடிப்போனேன்.

வருகிற ஞாயிறு உன் வருஷத் திதி. எல்லாரும் இலை முன் உட்கார்ந்ததும் கார்த்திக்கிடம் சொல்லிவிடுவேன், அக்கா. உன் மேல் சத்தியம். மறுநாளே ஸ்டூடியோவுக்குப் போய் தழும்போடு இருக்கிற படத்தைப் பெரிதாகப் போட்டு வாங்கி ஹாலில் மாட்டுவேன். தினமும் அதன் முன்னால் நிற்பேன். நீ இனிமேல் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம்.

அன்று சொம்பை எறிந்த உன் தங்கை,
மாலா