இளநீர் வீடியோவுக்குக் கீழே

மார்ச் 9, திங்கள்

காலையிலேயே மண்டையைப் பிளக்கிற வெயில். புது வீடியோ: கம்பு. அப்பா தறியை விட்டு எழுந்து காபி குடிக்கிற நேரத்தில்தான் எடுக்க முடியும். இன்று மடமடவென்று குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். பாதி கம்பு, பாதி தறிச் சத்தம்.

முடித்ததும் தெருமுனையில் பஜ்ஜி. அம்மா பார்த்துவிட்டாள். "ஊருக்குத்தான் உபதேசமா? உன் வீடியோ பாக்கறவங்கள இட்டாந்து காட்டணும்டி."

போன மாதம் போட்ட இளநீர் வீடியோ இன்னும் ஓடுகிறது. கூல்டிரிங்க்ஸ் வேணாம், தினம் ஒரு இளநீர், யார் வேணாலும் குடிக்கலாம். ஃபர்ஹானாவுக்குத் தலைகால் புரியவில்லை. (என்னோடு நியூட்ரிஷன் மூன்றாம் வருடம். எடிட்டிங் எல்லாம் அவள்தான்.) எனக்கும்தான். பஸ்ஸில் ஒரு அக்கா, "நீ அந்த எளநீ பொண்ணுதான?" சும்மா சொல்லக்கூடாது, நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

வாங்க: லைட்டுக்கு வயர், கொள்ளு, ரெக்கார்டு நோட்டு.

மார்ச் 10, செவ்வாய்

வகுப்பில் இன்று சிறுநீரக நோயாளிகளுக்கான உணவு. தவிர்க்க வேண்டியவை என்று மேடம் போர்டில் எழுதினார். முதல் வரியே இளநீர். கிட்னி கெட்டவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாது, ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும், இதயம் நின்றுவிடலாம். "பல பேருக்குக் கெட்டுப்போனதே தெரியாதுமா. கால் வீங்கும், யூரின் குறையும். வெயில்னு நினைச்சு விட்டுடுவாங்க."

யார் வேணாலும் என்று சொல்லியிருக்கிறேனே. அதுவும் இளித்துக்கொண்டே.

பஸ்ஸில் வரும்போது கமெண்டுகளைப் படித்தேன். முதல் முறையாக. எப்போதும் எல்லாவற்றுக்கும் சிவப்பு ஹார்ட் தட்டிக்கொண்டே போவதுதான் வழக்கம். தட்டினால் வீடியோ இன்னும் பல பேருக்குப் போகுமாம், ஃப. சொல்லிக்கொடுத்தது. சாப்பிட்டுக்கொண்டே, டிவி பார்த்துக்கொண்டே செய்வேன். யார் என்ன எழுதினார்கள் என்று யார் பார்த்தது?

மல்லிகா என்று ஒருவர். படத்தில் செம்பருத்தி. அவர் எழுதியவை:

"சூப்பர் மா. நான் ஓரிக்கை, உங்க பக்கம்தான்."

"இன்னிக்கும் குடிச்சேன் மா."

"உன்ன பஸ்ல பாத்தேன். கூச்சமா இருந்துச்சு, பேசல."

"காலு வீங்கிக்கினே இருக்குது மா. ஒண்ணுக்கும் சரியா போவல. எளநீ குடிக்கலாமா, நிறுத்திடட்டுமா? சொல்லு மா."

அதற்கும் என் ஹார்ட்.

அதன் கீழே அவர்: "சரி மா. தேங்க்ஸ்."

அப்புறம் எதுவுமே இல்லை. கம்பு வீடியோவுக்கு வரவில்லை. அதற்கு முன்னால் போட்ட முருங்கைக்கீரைக்கும் வரவில்லை.

மார்ச் 11, புதன்

மல்லிகாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். அக்கா, இளநீர் குடிக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அவர் பார்த்ததாகவே காட்டவில்லை. வீடியோவை எடுத்துவிட்டேன். "இளநீர் எல்லாருக்கும் ஆகாது, நான் சொன்னது தப்பு" என்று புதிதாக ஒன்று போட்டேன். அதை யாரும் சீந்தவில்லை.

ஃப.: "லூசு, அவங்க போன் ரிப்பேரா இருக்கும்." இருக்கட்டும். ரிப்பேராகவே இருக்கட்டும்.

சோறு இறங்கவில்லை. அம்மா நான் டயட் என்று நினைத்துக்கொண்டாள்.

மார்ச் 12, வியாழன்

பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு அம்மாவுக்குக் கொலுசு சதைக்குள் அழுந்தியிருந்தது. கேட்டே விட்டேன், "நீங்க மல்லிகாவா?" "இல்ல பாப்பா, ஏன்?" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பின் சீட்டில் யாருடைய போனிலோ என் குரல். தினம் ஒரு இளநீர். எடுத்துவிட்டால் போய்விடுமா, வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றுகிறதாம். என் குரல் எனக்கே பயமாக இருக்கிறது. அவ்வளவு தைரியமாகப் பேசுகிறாள் அந்தப் பெண்.

மார்ச் 14, சனி

இன்று ஓரிக்கை. ஊர் முழுக்க வீடு வீடாகக் கேட்க முடியுமா? பஸ் நிறுத்தத்தில் இளநீர்க்காரர். தினம் வாங்குகிறவர்களை அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"மல்லிகாவா? ஏழுமலை சம்சாரம். லோடு வண்டி ஓட்றாரே, அவரு. டெய்லி ஒண்ணு வாங்கிக்கினு போவாரு. அது தவறிப்போச்சேமா. போன மாசக் கடைசில."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பாவம், அவர் பதறிப்போய் எனக்கு ஒரு இளநீர் சீவி நீட்டினார். ஓடிவந்துவிட்டேன். வீட்டைக்கூடக் கேட்கவில்லை. கோழை.

மார்ச் 15, ஞாயிறு

மறுபடி போனேன். ஃப. வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். ஓட்டு வீடு, வெளியே லோடு வண்டி. கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். உள்ளே நான் பேசிக்கொண்டிருந்தேன். யார் வேணாலும் குடிக்கலாம், யார் வேணாலும் குடிக்கலாம்.

மாலை போட்ட படம், விளக்கு, பக்கத்தில் சாய்த்துவைத்த போன். வீடியோ முடிந்து முடிந்து திரும்ப ஓடியது. மல்லிகா அக்காவை நான் பார்த்ததே இல்லை. உருண்டை முகம்.

ஏழுமலை என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். "வாம்மா. உன் பேச்சுன்னா அவளுக்கு உசுரு. அதான் டவுன்லோடு பண்ணி வச்சிக்கினு போட்டுவுடறேன்."

நான் அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். கிட்னி, பொட்டாசியம், கமெண்ட். அவர் தலையாட்டினார்.

"ஆஸ்பத்திரில சொன்னாங்கமா. யாரு எளநீ குடுத்ததுன்னு டாக்டரு கத்துனாரு. நான்தான்னு சொல்லிட்டேன். உன் பேரு எதுக்கு? படிக்கிற பொண்ணு."

என்னால் நிமிர முடியவில்லை. போனில் நான் இன்னும் பேசிக்கொண்டேயிருந்தேன்.

அப்புறம் மெதுவாகக் கேட்டார். "அன்னிக்கு ஃபுல்லா போன கையிலயே வச்சிக்கினு இருந்தா, நீ பதில் போடுவன்னு. ஹார்ட் வந்ததும் காட்டினா, டாக்டரம்மா சரின்னு சொல்லிச்சுன்னு. நீ படிச்சுட்டுதான போட்ட? படிச்சுட்டு, தெரியாமப் போட்டுட்ட. அப்படித்தானம்மா?"

ஆமாம் என்றால் போதும். அவருக்கு அதுதான் வேண்டும் என்று தெரிந்தது. முகத்தில் அப்படி ஒரு கெஞ்சல்.

"படிக்கல அங்கிள்" என்றேன்.

அவர் எழுந்துபோய் வீடியோவை நிறுத்தினார்.